கொக்கு போனா நெல்லும் போச்சு! டெல்டா குளம், வயல், பறவைகளை காப்பாத்த சட்டம் என்ன சொல்லுது? முழு விவரம்

தாராசுரம்:

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து உழவு ஆரம்பித்தால் டிராக்டர் பின்னாலேயே வெள்ளை வெளேர்னு கொக்குக் கூட்டம் இறங்கும். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தினசரி பார்க்கிற காட்சி. அதனாலேயே யாரும் அதை பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால் அந்தக் கொக்கு உட்காரும் வயல் மனையாகிறது. அது தண்ணீர் குடிக்கும் குளம் குப்பைமேடாகிறது. கொக்கே வலையில் சிக்கி ரோட்டோரத்தில் விலைக்கு வருகிறது. "கொக்கு தானே, போனா போகுது"ன்னு விட்டுவிட முடியுமா? முடியாது. கொக்கு போனால் அடுத்து போவது நம்ம வீட்டு அரிசிப் பானை.

வயலுக்கும் குளத்துக்கும் என்ன ஆபத்து? இதுவரை என்னென்ன போராட்டம் நடந்தது? எதை செய்தால் ஜெயில்? யாரிடம் புகார் கொடுப்பது? ஒவ்வொன்றாக பார்க்கலாம்.

கூலி வாங்காத வேலைக்காரர்கள்

உழும்போது மண்ணுக்குள் இருந்து புழு, பூச்சி, வெட்டுக்கிளி எல்லாம் வெளியே வரும். உண்ணிக்கொக்கும் மடையானும் அதை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்னும். மருந்து அடிக்காமலேயே பாதி பூச்சி காலி.

நத்தை குத்தி நாரை என்று ஒரு பறவை இருக்கிறது. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தையை பிடித்து உள்ளே இருக்கும் சதையை உருவித் தின்பதற்கு அந்த அலகு. வயலில் இளம் நாற்றை கடித்து நாசம் பண்ணும் நத்தைக்கு இதுதான் எமன். வரப்பில் வளை தோண்டி தண்ணீரை ஒழுக விடும் நண்டையும் நாரையும் கொக்கும் பார்த்துக்கொள்ளும்.

பகலில் இவர்கள் வேலை பார்த்தால் ராத்திரி ஷிப்டு கூகைக்கும் ஆந்தைக்கும். அதுகளுக்கு முக்கியமான சாப்பாடே எலிதான். கதிர் முற்றும் நேரத்தில் எலி வந்துவிட்டால் விவசாயி கதை முடிந்தது. அதனால்தான் இந்தப் பக்கம் அந்தக் காலத்திலேயே மூங்கிலில் கிட்டி செய்து வரப்பில் வைத்தார்கள். "தஞ்சாவூர் கிட்டி" என்று வேளாண்மை பாடப் புத்தகத்திலேயே பெயர் வாங்கிய பொறி அது.

இன்றைக்கும் வேளாண்மைத் துறையினர் வயலில் "டி" வடிவில் குச்சி நட்டு வைக்கச் சொல்கிறார்கள். ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலியை நோட்டம் பார்க்க அது வசதி. ஒரு ஹெக்டேருக்கு 40 முதல் 50 குச்சி வரை நடலாம் என்பது சிபாரிசு. செலவு என்று பார்த்தால் வெறும் குச்சிதான்.

ஆனால் நம்ம ஆட்கள் சிலர் கூகையை "சாவுக்குருவி"ன்னு சொல்லி கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். சாரைப்பாம்பை பார்த்தால் கம்பை தூக்குகிறார்கள். அப்புறம் எலி பெருத்துப்போச்சுன்னு மருந்துக் கடையில் போய் நிற்கிறார்கள். எலிக்கு வைத்த விஷத்தை தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும். அடுத்த போகத்தில் எலி இன்னும் பெருகும். இது முடிவே இல்லாத செலவு.

தவளையும் அப்படித்தான். நெல்லில் விழும் புகையான் பூச்சியையும், வீட்டுக்கு வரும் கொசுவையும் தின்கிற ஜீவன் அது. ஒரு காலத்தில் இந்தியாவில் இருந்து தவளைக் கால் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு போனது. வயலில் தவளை குறைந்து பூச்சி பெருகும் ஆபத்து தெரிந்ததும் 1987-ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்கே தடை போட்டது.

சீனாக்காரர்கள் பட்ட பாடு

பறவையை விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஊர் உலகம் அறிந்த உதாரணம் சீனா.

1958-ல் அங்கே மாவோ ஆட்சியில் "நாலு தொல்லையை ஒழிப்போம்" என்று ஒரு இயக்கம் நடந்தது. எலி, ஈ, கொசு, அதோடு சிட்டுக்குருவி. குருவி தானியத்தை தின்கிறது, அதனால் அதுவும் எதிரி என்றார்கள். ஜனங்கள் தட்டு, பானையை தட்டி சத்தம் போட்டு குருவிகளை உட்கார விடாமல் விரட்டினார்கள். பறந்து பறந்தே களைத்து விழுந்து செத்தன. கூடுகளை கலைத்தார்கள். முட்டைகளை உடைத்தார்கள்.

குருவி ஒழிந்தது. ஆனால் குருவி தின்றுகொண்டிருந்த பூச்சி பெருகி விட்டது. வெட்டுக்கிளி பயிரை மேய்ந்தது. 1960-ல் அரசே தப்பை உணர்ந்து குருவியை பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியை சேர்த்தது. அந்த ஆண்டுகளில் சீனாவில் வந்த கொடும் பஞ்சத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. அதில் குருவியை கொன்றதும் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

குருவி தின்னும் தானியம் கண்ணுக்கு தெரியும். குருவி தின்னும் பூச்சி கண்ணுக்கு தெரியாது. அங்கேதான் கணக்கு தப்பிப் போகிறது.

மடையான் கறி வாங்குபவர்கள் உஷார்!

ஐப்பசி, கார்த்திகை வந்தால் டெல்டாவில் தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் பறவைகள் கூடும். அதே நேரத்தில் வலையும் வரும். வயலில் நைலான் வலை விரித்து, கண்ணி வைத்து மடையான், கொக்கு, நீர்க்கோழியை பிடித்து ரோட்டோரத்தில் ஜோடி கணக்கில் விற்பார்கள். வனத்துறையினர் அவ்வப்போது பிடித்து வழக்கு போடுகிறார்கள். ஆனாலும் வாங்குகிற ஆள் இருக்கிற வரை விற்கிற ஆளும் இருப்பார்.

பலருக்கு இது குற்றம் என்பதே தெரியாது. "காட்டுல புலி, மான் அடிச்சா தானே கேஸு"ன்னு நினைக்கிறார்கள். அது தப்பு.

1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டம் வயல்வெளிக்கும் பொருந்தும். உங்கள் சொந்த பட்டா நிலத்தில் பிடித்தாலும் குற்றம் குற்றம்தான். வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. வலை போடுவது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, கூட்டை கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். கறியை விற்பதும் வாங்குவதும் கூட வழக்கில் கொண்டுபோய் விடும்.

இந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலில் இருக்கிறது. சாதாரண குற்றத்துக்கு 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், சில நேரம் இரண்டும். முன்பு அபராதம் ரூ.25 ஆயிரம் வரைதான் இருந்தது.

முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, பறவை என்றால் இன்னும் கடுமை. 3 ஆண்டுக்கு குறையாமல் 7 ஆண்டு வரை ஜெயில். குறைந்தபட்ச அபராதம் ரூ.25 ஆயிரம். நம்ம ஊர் வயலுக்கு வரும் மயில் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மயில் நாற்றை மிதிக்குது, நெல்லை கொத்துதுன்னு கோபத்தில் மருந்து கலந்த நெல்லை வரப்பில் தூவினால், நாளைக்கு ஜெயில் கம்பி எண்ண வேண்டியிருக்கும். பயிர் சேதம் என்றால் வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி.

பச்சைக்கிளியை கூண்டில் வளர்ப்பதும் இதே சட்டப்படி குற்றம். ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்களும் மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அடிக்காதீர்கள். 101-க்கோ 112-க்கோ போன் போட்டால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துக்கொண்டு போய் விடுவார்கள்.

எமனுக்கே எரிச்சல் தீர்த்த ஊர்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோவிலை 12-ம் நூற்றாண்டில் கட்டியவர் இரண்டாம் ராஜராஜ சோழன். 2004-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சாபத்தால் உடம்பெல்லாம் எரிச்சல் வந்த எமதர்மன் இங்குள்ள தீர்த்தத்தில் குளித்து குணமானான் என்பது ஐதீகம். அதனால் குளத்துக்கே எம தீர்த்தம் என்று பெயர். எமனுக்கே வைத்தியம் பார்த்த குளத்து ஊரில், கும்பகோணத்தை சுற்றியுள்ள மற்ற குளங்களின் கதி என்ன?

கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு குளமும் தனியாக இல்லை. காவிரி, அரசலாறு தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒரு குளத்துக்கு வரும். அது நிரம்பி அடுத்த குளத்துக்கு போகும். வடிகால் வழியாக மறுபடி ஆற்றில் சேரும். நடுவில் ஒரு வாய்க்காலை மறித்து கடை கட்டினால் அதற்கு பின்னால் உள்ள அத்தனை குளமும் அவுட். தண்ணீர் வராத குளத்தில் முதலில் குப்பை விழும். அப்புறம் கொட்டகை வரும். அதற்கப்புறம் அங்கே குளம் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. இந்த வட்டார குளம், வாய்க்கால் ஆக்கிரமிப்பு விவகாரம் ஐகோர்ட்டு வரைக்கும் போய், ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவு வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

குளம் போனால் பறவை போகும். அது மட்டுமா? குளத்தில் நின்ற தண்ணீர்தான் பூமிக்குள் இறங்கி உங்கள் வீட்டு அடிபம்புக்கும் போருக்கும் வருகிறது. குளம் தூர்ந்தால் கோடையில் போர் வற்றும். மழைக்காலத்தில் அதே தண்ணீர் போக இடம் இல்லாமல் தெருவில் நிற்கும். தரைமட்டத்துக்கு கீழே இருக்கும் தாராசுரம் கோவில் முகப்பில் மழைக்கு தண்ணீர் தேங்குவதை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

சாய தண்ணீரும் சாக்கடை தண்ணீரும் தனிக் கதை. தாராசுரம் என்றாலே பட்டுத்தறி. தறி ஓடணும், நெசவாளி வீட்டில் அடுப்பு எரியணும். அதே சமயம் சாயம் கலந்த தண்ணீர் சுத்திகரிக்காமல் வாய்க்காலுக்கு போகக்கூடாது.

இதை அலட்சியமாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு திருப்பூர் சாட்சி. அங்கே சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தொட்டி ஆனது. விவசாயிகள் கோர்ட்டுக்கு போனார்கள். 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றையும் கெடுத்து, கடைசியில் தொழிலாளி வேலையும் போனது. ஆரம்பத்திலேயே சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக இருந்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். அந்த நொய்யல் வந்து சேருவது நம்ம காவிரியில்தான்.

பக்கத்திலேயே ஒரு நல்ல சேதி

எல்லாமே கெட்ட சேதி இல்லை. தஞ்சாவூரில் இருந்து மன்னார்குடி போகும் வழியில் வடுவூர் ஏரி இருக்கிறது. பாசனத்துக்காக வெட்டிய சாதாரண ஏரிதான். மேட்டூர் தண்ணீரும் வடகிழக்கு பருவமழையும் சேர்ந்து ஏரி நிறைந்தால் கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நாரை, நீர்க்காகம், வாத்து வகைகள் என்று ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்.

1999-ல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் உள்ள பரப்பு சுமார் 112 ஹெக்டேர்.

அதென்ன ராம்சார்? ஈரான் நாட்டில் உள்ள ஒரு ஊரின் பெயர். 1971 பிப்ரவரி 2-ந்தேதி அங்கே பல நாடுகள் கூடி, ஏரி, குளம், சதுப்பு நிலங்களை காப்பாற்ற ஒப்பந்தம் போட்டன. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கு அந்த அந்தஸ்து கிடைக்கும். பிப்ரவரி 2 உலக ஈரநில தினமாக கொண்டாடப்படுவதும் அதனால்தான்.

திருவாரூர் மாவட்டத்திலேயே உதயமார்த்தாண்டபுரம் சரணாலயமும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அரியலூர் மாவட்டம் கரைவெட்டி 2024-ல் சேர்ந்தது. இமயமலையை தாண்டி பறந்து வரும் வரித்தலை வாத்து கரைவெட்டிக்கும் வருகிறது. 2025 பிப்ரவரி நிலவரப்படி தமிழ்நாட்டில் 20 ராம்சார் இடங்கள். இந்தியாவிலேயே இதுதான் அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வடுவூரும் கரைவெட்டியும் காட்டுக்குள் இல்லை. விவசாயம் நடக்கிற, மாடு மேய்கிற, ஜனங்கள் குடியிருக்கிற ஊர்களுக்கு நடுவில் இருக்கிற ஏரிகள். ஏரியில் தண்ணீர் இருந்தால் விவசாயிக்கும் ஆதாயம், பறவைக்கும் ஆதாயம். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு போனால் அது இலவச உரம்.

ஏரியை மட்டும் காப்பாற்றினால் போதாது. பறவை ராத்திரி தங்குவது ஏரியில் என்றால், பகலில் இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் ஊர்க்குளத்திலும். வடுவூரில் தங்கிவிட்டு அடுத்த ஊர் வயலில் வலையில் சிக்கினால் சரணாலயம் இருந்தும் என்ன பிரயோஜனம்?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயம் பக்கத்தில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்களை கேளுங்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காக அந்த ஊரில் தீபாவளிக்கு பட்டாசு வெடிப்பது இல்லை. சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லை. ஊரே கூடி எடுத்த முடிவு. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்பு கொடுத்து அவர்களை பாராட்டுகிறார்கள்.

பூமிக்கு அடியில் இருந்து வந்த ஆபத்து

குளத்தையும் வாய்க்காலையும் விட பெரிய ஆபத்து ஒன்று 2010-ல் வந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கு அடியில் நிலக்கரி படிமம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மீத்தேன் வாயுவை எடுக்க மத்திய அரசு ஒரு தனியார் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் தமிழக அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் சுமார் 690 சதுர கிலோமீட்டர் பரப்பு இதில் அடக்கம்.

மீத்தேன் எடுப்பதில் என்ன பிரச்சினை? நிலக்கரிக்குள் இருக்கும் வாயு வெளியே வர வேண்டுமானால் அதை அழுத்திக்கொண்டிருக்கும் தண்ணீரை முதலில் இறைத்து வெளியே கொட்ட வேண்டும். நிலத்தடி நீர் கீழே இறங்கும். வெளியே வரும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பது அடுத்த தலைவலி. கடலுக்கு பக்கத்தில் இருக்கும் டெல்டாவில் நல்ல தண்ணீர் இறங்கினால் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். அப்புறம் நெல்லும் கிடையாது, குடிதண்ணீரும் கிடையாது. குளமே உப்பானால் பறவை எங்கே வரும்?

ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் கிராமம் கிராமமாக போய் பேசினார். அந்தப் பிரசாரத்தின்போதே 2013 டிசம்பர் 30-ந்தேதி பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2013-ல் ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழு போட்டது. 2015-ல் அனுமதி கிடையாது என்று தமிழக அரசு முடிவு எடுத்தது.

அதோடு முடியவில்லை. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோ கார்பன் திட்டத்தை எதிர்த்து போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு ஜூன் 30-ந்தேதி திருவிடைமருதூர் தாலுகா கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் கச்சா எண்ணெய் பரவியது. மறியல், தடியடி, கைது என்று ஊரே அல்லோகலப்பட்டது. நம்ம கும்பகோணத்துக்கு பக்கத்து ஊர் தான் அது.

2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்து கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. டெல்டா மறுபடி கொதித்தது.

வேளாண் மண்டல சட்டம்: எது நிற்கும், எது நிற்காது?

2020 பிப்ரவரி 9-ந்தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். அதே மாதம் 20-ந்தேதி சட்டசபையில் மசோதா நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், அப்போது மயிலாடுதுறையும் சேர்ந்து இருந்த நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் வந்தன.

இந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு கிணறு தோண்டக்கூடாது. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலை, இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவையும் வரக்கூடாது.

சட்டம் காகிதத்தில் மட்டும் இல்லை என்பது 2023-ல் தெரிந்தது. தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய 3 இடங்கள் மத்திய நிலக்கரித் துறையின் ஏலப் பட்டியலில் வந்தன. முதல்வர் மு.க.ஸ்டாலின் ஏப்ரல் 4-ந்தேதி பிரதமருக்கு கடிதம் எழுதினார். விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். ஏப்ரல் 8-ந்தேதி அந்த 3 இடங்களும் ஏலத்தில் இருந்து நீக்கப்படுவதாக மத்திய மந்திரி பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

சரி, அப்படியானால் டெல்டா தப்பித்துவிட்டதா? முழுசாக இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே இருந்த எண்ணெய்க் கிணறுகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. நெல் வயலை மனை போடுவதையும், குளத்தில் குப்பை கொட்டுவதையும், வாய்க்காலை மறிப்பதையும், கொக்கு பிடிப்பதையும் இந்தச் சட்டம் தடுக்காது. அதற்கெல்லாம் வேறு சட்டங்கள் இருக்கின்றன. அதை பயன்படுத்த வேண்டியது ஊர் ஜனங்கள்.

குளத்துக்காக கோர்ட்டு சொன்னது

ஊர்ப் பொதுக் குளத்தை யார் ஆக்கிரமித்தாலும் அகற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2011 ஜனவரி 28-ந்தேதி ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. பஞ்சாப் மாநிலத்தில் ஒரு கிராமத்துக் குளத்தை தூர்த்து வீடு கட்டியவர்கள் பற்றிய வழக்கு அது. ரொம்ப வருஷமாக இருக்கிறோம், நிறைய செலவு பண்ணி வீடு கட்டிவிட்டோம் என்பதெல்லாம் காரணம் ஆகாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. எல்லா மாநிலமும் இப்படிப்பட்ட ஆக்கிரமிப்பை அகற்ற திட்டம் போட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் ஏரிகளை பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதனால் மலிவாக மனை கிடைக்கிறதே என்று ஓடுபவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். வாழ்நாள் சேமிப்பை போட்டு வாங்கும் இடம் பழைய கணக்கில் குளமாகவோ வாய்க்காலாகவோ இருந்தால், விற்றவன் பணத்தோடு போய்விடுவான். புல்டோசர் வரும்போது நிற்பது வாங்கிய ஏழைதான். கிராம நிர்வாக அலுவலகத்தில் "அ" பதிவேட்டை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். "நீர்நிலை புறம்போக்கு" என்று இருந்தால் தொடாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* குளம், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்றால் சர்வே நம்பரோடு தாசில்தாருக்கு மனு கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். ரசீது வாங்க மறக்க வேண்டாம்.

* அலைய முடியாதவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் புகார் சொல்லலாம்.

* மனு மேல் நடவடிக்கை இல்லையா? 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமை சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வரணும்.

* கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை உண்டு. தாராசுரம் பேரூராட்சி 2021-ல் கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இங்கே இருப்பவர்கள் வார்டு அளவிலான ஏரியா சபையில் கேட்கலாம்.

* பறவை வேட்டை, கறி விற்பனை பற்றி தெரிந்தால் வனச்சரகர் அலுவலகத்துக்கு சொல்லுங்கள். சண்டைக்கு போக வேண்டாம். வேட்டைக்கு போகிறவர்களில் பலர் வேறு பிழைப்பு இல்லாத ஏழைகள். வாங்குவதை நாம் நிறுத்தினால் வலை தன்னாலே சுருண்டுவிடும்.

* சாயத் தண்ணீர், ஆலைக்கழிவு வாய்க்காலில் கலந்தால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு புகார் கொடுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று போட்டோவோடு கொடுத்தால் தட்டிக்கழிக்க முடியாது.

* வயலுக்கும் மண்பாண்டத்துக்கும் குளத்து வண்டல் மண் இலவசமாக எடுக்கலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார். குளமும் ஆழமாகும், வயலுக்கும் சத்து கிடைக்கும்.

* பனைமரத்தை வெட்டாதீர்கள். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. தூக்கணாங்குருவி கூடு தொங்குவது அதில்தான். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளை சாய்த்ததை மறக்க முடியுமா? ஆழமாக வேர் விட்ட நாட்டு மரங்கள்தான் புயலுக்கு கொஞ்சமாவது அணை கட்டும்.

* காய்கறி மார்க்கெட்டுக்கு போகும்போது மஞ்சப்பை எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தி வீசும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வீசிய கேரிபேக் கடைசியில் போய் அடைப்பது உங்கள் தெரு வடிகாலைத்தான்.

டெல்டாவில் மீத்தேன் கிணறு வராமல் தடுத்தது பெரிய பணக்காரர்கள் இல்லை. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களும், ஊரில் டீக்கடை வைத்திருந்தவர்களும், காலேஜ் பிள்ளைகளும் ரோட்டில் வந்து உட்கார்ந்ததால்தான் அது நின்றது. அவ்வளவு பெரிய திட்டத்தையே நிறுத்தியவர்களுக்கு தங்கள் தெருக் குளத்தில் விழும் குப்பையை நிறுத்த முடியாதா? இந்த சம்பா நடவுக்கு முன்னால் உங்கள் ஊர் குளம் பதிவேட்டில் எத்தனை ஏக்கர், இப்போது எத்தனை ஏக்கர் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குறைந்திருந்தால் மனு எழுத வேண்டிய நேரம் வந்தாச்சு.